கைக்கெட்டும் விலையில் ஒரு கூபே

2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் அதை ஒட்டிய குளிர்காலத்திலும் மூன்று நாடுகளில் மூன்று கார்களின் உற்பத்தி நின்றது. ஹங்கேரியின் கியோர் நகரில் ஆடி டிடி, கனடாவின் பிராம்ப்டனில் டாட்ஜ் சேலஞ்சர், அமெரிக்காவின் லான்சிங்கில் செவ்ரோலே கமாரோ. மூன்றும் இரண்டு கதவு கூபே கார்கள். மூன்றுக்கும் ரசிகர்கள் ஏராளம், வாங்குகிறவர்கள்தாம் குறைந்துபோனார்கள். இன்று நடுத்தர வருமானக்காரர் ஒருவர் அமெரிக்க ஷோரூமில் போய்ப் புதிய ஸ்போர்ட்ஸ் கூபே கேட்டால், அவர் சக்திக்குள் காட்டுவதற்கு ஐந்தாறு பெயர்களே மிஞ்சியிருக்கின்றன. பழைய கார்ச் சந்தையிலோ கடந்த இருபது ஆண்டுகளில் ஓடிய அத்தனை கூபேக்களும் கிடைக்கின்றன. புதிதா, பழையதா என்ற கேள்வியை இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துத்தான் ஆராய வேண்டும்.

அமெரிக்கச் சந்தையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சாதாரணச் சம்பளக்காரருக்கான ஸ்போர்ட்ஸ் கூபே பெருவாரியாக விற்றது அங்கேதான். அதை வாங்க ஆசைப்படுகிறவர்களில் அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் போன நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்த வகைக் காரின் விலையை வாங்கும் நாளில் கொடுக்கும் தொகையை வைத்து மட்டும் கணக்கிட முடியாது என்பதே என் முடிவு. நமக்கு முன் அதை ஓட்டியவர் அதை என்ன செய்தார், நாம் வாங்கியபின் எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் உண்மையான விலை. எட்டு வயதான குடும்பக் கார் எதை எடுத்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எட்டு வயதான கூபே அப்படி இல்லை. ஒன்றை ஓய்வுபெற்ற பொறியாளர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டியிருப்பார். இன்னொன்று நான்கு இளைஞர்கள் கைமாறி, ஒவ்வொருவரும் ஏதோவொன்றைக் கழற்றி மாட்டிய வண்டியாக இருக்கும். விளம்பரப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியது. தொடக்க விலை 2,368 டாலர். நீண்ட பானெட், குட்டையான பின்புறம், உள்ளே தனித்தனி இருக்கைகள் என்று பார்வைக்கு அது ஸ்போர்ட்ஸ் காராக இருந்தது. அடியில் இருந்தவையோ பெரும்பாலும் ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்கள். முதல் பன்னிரண்டு மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. பிளைமவுத் பாரகுடா இரண்டு வாரம் முந்திக்கொண்டும் அந்த அலையைப் பிடிக்க முடியவில்லை. செவ்ரோலே 1967 மாடலாகக் கமாரோவைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் ஃபோர்டு 1969இல் காப்ரியை இறக்கியது. குடும்பக் காரின் உதிரிபாகச் செலவில் இளமையான உருவம் என்ற இந்தச் சூத்திரம் இன்றுவரை மாறவில்லை. பெயர் என்னவாக இருந்தாலும், விலை குறைந்த கூபேயின் பாகங்களில் பெரும்பகுதி வேறொரு காரிலிருந்து வந்தவையாக இருக்கும். பழையதை வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி: உதிரிபாகம் எளிதில் கிடைக்கும்.

இரண்டாவது திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1970 மாடலாக அமெரிக்காவில் இறங்கிய டாட்சன் 240 இசட் 3,526 டாலருக்கு ஆறு சிலிண்டர் இன்ஜினையும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷனையும் கொடுத்தது. அன்றைய போர்ஷே 911 விலையில் ஏறக்குறையப் பாதி. நிசானின் அமெரிக்கக் கிளைக்குப் பொறுப்பாக இருந்த யுதாகா கதயாமா அந்தக் காருக்காகத் தலைமையகத்தோடு போராடியவர். அதன்பின் 1980களும் 90களும் இந்த வகையின் வசந்தகாலம். டொயோட்டா செலிகா, ஹோண்டா பிரெலூட், அக்யூரா இன்டெக்ரா, மிட்சுபிஷி எக்லிப்ஸ், நிசான் 240 எஸ்எக்ஸ், ஃபோர்டு புரோப் என்று கல்லூரி முடித்த ஒருவர் முதல் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கக்கூடிய கார்கள் வரிசைகட்டி நின்றன.

அந்த வரிசை கலைந்தது ஒரே நாளில் அல்ல. பிரெலூட் 2001இல் நின்றது. செலிகாவும் இன்டெக்ராவின் வாரிசான ஆர்எஸ்எக்ஸும் 2006க்குள் போயின. ஹூண்டாய் ஜெனிசிஸ் கூபேயும் சயான் டிசியும் 2016இல் முடிந்தன. ஹோண்டா சிவிக்கின் இரண்டு கதவு வடிவம் 2020 மாடலோடு நின்றது. எஸ்யூவி மோகம் ஒரு காரணம். சாதாரண நான்கு கதவு செடான்களே வேகத்தில் பழைய கூபேக்களைத் தாண்டிவிட்டது இன்னொரு காரணம். இளைஞர் ஓட்டும் இரண்டு கதவு காருக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறிக்கொண்டே போனதும் சேர்ந்துகொண்டது. விற்பனை குறையக் குறைய, ஒரு நிறுவனம் தனியாக ஒரு கூபேயை உருவாக்குவது கட்டுப்படியாகவில்லை. இப்போது உயிரோடிருப்பவற்றைப் பாருங்கள்: டொயோட்டாவும் சுபாருவும் செலவைப் பங்குபோட்டதால் 86 என்ற கூபே பிறந்தது, புதிய பிரெலூட் சிவிக்கின் அடித்தளத்தில் நிற்கிறது.

சரி, புதிதாக என்ன கிடைக்கிறது? என் பார்வையில் முதலிடம் டொயோட்டா ஜிஆர் 86. சுமார் 30,000 டாலரில் தொடங்கும் அதன் எடை ஏறத்தாழ 1,280 கிலோ. 2.4 லிட்டர் பாக்ஸர் இன்ஜின், டர்போ இல்லாமலே 228 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், ஆறு கியர் மேனுவல். அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட் சில ஆயிரம் டாலர் கூடுதல். சஸ்பென்ஷன் கொஞ்சம் சாந்தமானது. இரண்டையும் சுபாருதான் ஜப்பானின் குன்மா மாகாணத்தில் தயாரிக்கிறது. பின்னிருக்கை பெயருக்குத்தான். வளர்ந்தவர் அங்கே உட்கார முடியாது, அதை மடித்துவிட்டு நான்கு டயர்களை ஏற்றிக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போகலாம்.

மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் டர்போ மாடல் 32,000 டாலர் அளவில் தொடங்குகிறது, 315 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் 86ஐத் தூக்கிச் சாப்பிட வேண்டும். ஆனால் எடை 1,600 கிலோவுக்கு மேல். 2024 மாடலாக வந்த தலைமுறையில் இந்த இன்ஜினோடு மேனுவல் கியர் கிடையாது. கையால் கியர் போட வேண்டுமென்றால் வி8 பூட்டிய ஜிடிக்குப் போக வேண்டும், அது பத்தாயிரத்துக்கும் மேல் கூடுதல். மஸ்டா மியாட்டாவின் மடக்குக்கூரை வடிவமான ஆர்எஃப், கறாராகச் சொன்னால் கூபே அல்ல. ஆனாலும் 1,100 கிலோ அளவிலான எடையோடு இந்தப் பட்டியலில் ஓட்டுவதற்கு மிக இனிமையானது அதுதான். நிசான் இசட் 400 குதிரைத்திறனோடு 42,000 டாலரைத் தாண்டுகிறது. 24 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த ஹோண்டா பிரெலூடும் அதே 42,000 அளவில் தொடங்குகிறது. ஹைபிரிட், 200 குதிரைத்திறன், மேனுவல் இல்லை. நல்ல சஸ்பென்ஷன், நல்ல பிரேக், நல்ல மைலேஜ் எல்லாம் உண்மை. ஆனால் விலை குறைந்த கூபே என்று அதை என்னால் சொல்ல முடியவில்லை. பிஎம்டபிள்யூ 230ஐ 40,000 டாலர் வட்டத்தில் நிற்கிறது. வாரண்டி முடிந்த பிறகு அதைப் பராமரிக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அது இன்னொரு வர்க்கத்தின் கார்.

இவற்றில் 86, பிஆர்இசட், மியாட்டா, இசட், பிரெலூட் ஐந்தும் ஜப்பானிலிருந்து கப்பலில் வருகின்றன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. ஜப்பானோடு உடன்பாடு ஏற்பட்டபின் மொத்த வரி 15 சதவீதமானது. இந்தச் சுமை ஒரே நாளில் விலையாக மாறாவிட்டாலும், மலிவு மாடலை நிறுத்திவிட்டுச் சற்று உயர்ந்த மாடலிலிருந்து தொடங்குவது போன்ற வழிகளில் வாங்குபவர் தலையில்தான் வந்து இறங்கும். மஸ்டாங் மட்டும் மிச்சிகனின் ஃபிளாட் ராக்கில் தயாராகிறது.

ஷோரூம் விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய காரின் கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அது பரிந்துரை விலை மட்டுமே. டீலர் அதற்கு மேலும் கேட்கலாம். 2021, 22இல் கார்த் தட்டுப்பாடு வந்தபோது சந்தை நிலவரம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான டாலரை ஏற்றியே விற்றார்கள். கூபேக்கள் குறைவாக வருவதால் இந்த வழக்கம் இவற்றில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பெயின்ட் பாதுகாப்பு, டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் பொறிக்கும் திருட்டுத் தடுப்பு எண் என்று சேர்க்கும் சில்லறைகள் தனி. தவணை எவ்வளவு என்று பேச ஆரம்பித்தாலே பேரம் கைநழுவிவிடும். வரி, பதிவு, கட்டணம் எல்லாம் சேர்த்துக் காரை வெளியே எடுக்க மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று டீலரிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பக்கத்து மாநிலத்துக்குப் போய் வாங்கினாலும் லாபமாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

புதிய காரின் உண்மையான லாபம் அதன் கடந்த காலம் நமக்குத் தெரியும் என்பது. கிளட்சை யாரும் தேய்க்கவில்லை, ஆயில் மாற்றத் தவறவில்லை, எதிலும் மோதவில்லை. வாரண்டி இருக்கிறது. புதிய கார்க் கடனுக்கு வட்டியும் குறைவு. அமெரிக்காவுக்குப் போன புதிதில் கடன் வரலாறே இல்லாத ஒருவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஜிஆர் 86 வாங்குகிறவருக்கு அமெரிக்காவில் தேசிய ஆட்டோ ஸ்போர்ட் சங்கத்தின் ஓராண்டு உறுப்பினர் அட்டையும் ஒரு நாள் பந்தயத்தடப் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. இது மற்ற நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய நல்ல வழக்கம். இந்தக் காரைப் பொதுச்சாலையில் அதன் எல்லைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பழைய காருக்கு வருவோம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நோய் உண்டு. அந்த நோயின் பெயர் தெரியாமல் அந்தக் காரைப் பார்க்கவே போகக் கூடாது.

முதல் தலைமுறை 86 (2013 முதல் 2020 வரை, 2016 வரை அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயர்) என் முதல் பரிந்துரை. 2.0 லிட்டர், 200 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 3,500 முதல் 4,500 சுற்று வரை இழுவை தொய்கிறது என்ற குறை எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. ஆனால் அதன் ஸ்டியரிங்கும் சமநிலையும் இந்த விலையில் வேறெதிலும் இல்லை. மிக அகலமில்லாத 215 அளவு டயரில் வந்ததால் டயர் மாற்றும் செலவும் குறைவு. நோய்: 2013 மாடல்களுக்கு வால்வு ஸ்பிரிங் முறியலாம் என்று 2018இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அந்த வேலைக்கு இன்ஜினைக் கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும். வேலை முடிந்து வந்த சில கார்களில் இன்ஜின் கெட்டு நின்றது. மூடும்போது தடவிய சீலன்ட் ஆயில் பாதையை அடைத்ததே காரணம் என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013 மாடலென்றால் அந்த வேலை நடந்ததா, எப்போது, அதற்குப்பின் எத்தனை மைல் ஓடியது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். முடிந்தால் 2017க்குப் பிந்தியதை எடுப்பது நிம்மதி. அந்த ஆண்டு மேனுவல் கார்களுக்கு 205 குதிரைத்திறனும் சில திருத்தங்களும் வந்தன.

நிசான் 350 இசட் (2003–2008), 370 இசட் (2009–2020) இரண்டும் இதற்கு நேரெதிர் குணம். பெரிய வி6, தாராளமான பிக்கப், கனமான கிளட்ச், டயரின் இரைச்சல். 350இல் 2005, 2006 ஆண்டுகளின் 300 குதிரைத்திறன் மேனுவல் கார்கள் ஆயில் குடிப்பதில் பேர்போனவை. ஆரம்ப ஆண்டுகளின் கியர்பாக்ஸில் சிங்க்ரோனைசர் பலவீனம். குளிர்ந்த இன்ஜினில் மூன்றாம் கியர் கரகரத்தால் விலையைக் குறைக்கக் கேட்பதைவிட நகர்ந்துவிடுவது நல்லது. 2007இல் வந்த மேம்பட்ட இன்ஜினிலும் 370இலும் டைமிங் மூடிக்குப் பின்னாலிருக்கும் ஆயில் பாதை கேஸ்கட் கிழியும் பிரச்சினை இருந்தது. பாகம் மலிவு, அதைத் தொடுவதற்குப் பிரிக்கும் கூலிதான் அதிகம். 370இல் கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அது கசிந்தால் மிதி தரையோடு ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் ஏற்கனவே மாற்றிய பில்லோடு ஒரு 370 கிடைத்தால், குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் விலையில் அதை மிஞ்ச அதிகமில்லை.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு என்று ஏமாறுகிறவர்கள் அதிகம் விழும் பள்ளம் அதுதான். 2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் காரில் பிஸ்டனே இல்லாத சுழல் இன்ஜின். 1.3 லிட்டர் கொள்ளளவில், மேனுவல் மாடலில், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சீறும். ஓட்டினால் மறக்க முடியாது. ஆனால் அந்த இன்ஜின் பெட்ரோலோடு கொஞ்சம் ஆயிலையும் சேர்த்தே எரிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டிய உரிமையாளர்கள் கையில் சுழலியின் முனைகளை அடைக்கும் ஏபெக்ஸ் சீல்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்துபோகும். மஸ்டாவே அமெரிக்காவில் இன்ஜின் வாரண்டியை எட்டு ஆண்டு, ஒரு லட்சம் மைல் என்று நீட்டியது. அதுவும் எப்போதோ காலாவதியாகிவிட்டது. சாதாரண அழுத்தமானி இதற்கு உதவாது. சுழல் இன்ஜினுக்கென்றே உள்ள கருவியால் சோதித்த எண்ணைக் காட்டாத ஆர்எக்ஸ்-8ஐ இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். சூடான இன்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தடுமாறினால் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாவது கார் வீட்டில் இருந்து, இன்ஜின் மாற்றும் பணமும் ஒதுக்கி வைத்திருப்பவருக்கு மட்டுமே அது.

ஹோண்டா சிவிக் எஸ்ஐ கூபே அன்றாட வாழ்க்கைக்கு இவை எல்லாவற்றையும்விடப் பொருந்தும். பின்னால் உண்மையாகவே இருவர் உட்காரலாம். 2006 முதல் 2011 வரையிலான 197 குதிரைத்திறன் இன்ஜின் 8,000 சுற்று வரை பாடும். அதன் ஆறு கியர் பெட்டியில் மூன்றாம் கியர் தானாக வெளியே வருவது தெரிந்த குறை. 2017 முதல் 2020 வரையிலான 1.5 லிட்டர் டர்போ கார்களில், கடுங்குளிர்ப் பகுதிகளில் குறைந்த தூரமே ஓட்டினால் ஆயிலில் பெட்ரோல் கலக்கும். ஏசி கண்டென்சரும் கவனிக்க வேண்டியது. முன்சக்கர ஓட்டம் என்பதற்காகவே இதை ஒதுக்குகிறவர்கள் பனிக்காலத்தில் மினியாபோலிஸில் ஓட்டிப் பார்க்காதவர்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ஜெனிசிஸ் கூபேயில் டர்போவைவிட 3.8 லிட்டர் வி6 நம்பகமானது. 2011–2014 மஸ்டாங் வி6 305 குதிரைத்திறனோடு இன்று மலிவாகக் கிடைக்கிறது. பின்னால் பழைய பாணி ஒற்றை அச்சு என்பதால் குண்டும் குழியுமான சாலையில் குதிக்கும். தனித்தனி சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் 2015க்குப் பிந்தியது. பிஎம்டபிள்யூ 328ஐ கூபேயின் (2007–2013) ஆறு சிலிண்டர் இன்ஜின் இனிமையானது. அதன் மின்சார வாட்டர் பம்ப் சொல்லாமல் நிற்கும், கேஸ்கட்டுகள் ஆயில் ஒழுக்கும், இவற்றுக்கெனப் பணம் எடுத்துவைக்க வேண்டும். முதல் தலைமுறைப் போர்ஷே கேமன் விலை இறங்கி ஆசை காட்டும். 2009க்கு முந்திய இன்ஜின்களில் இடைத்தண்டு பேரிங் பயம் உண்டு. அது கெட்டால் இன்ஜினே போகும், காரின் விலை அளவுக்குச் செலவு வைக்கும்.

மாடலைத் தேர்ந்தபின் தனிக் காரைச் சோதிக்க வேண்டும். இரும்பு விதி ஒன்று சொல்வேன்: கைவைக்காத காரை வாங்குங்கள். டர்போ ஏற்றியது, சஸ்பென்ஷனைத் தாழ்த்தியது, கணினி நிரலை மாற்றியது என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதியிருப்பவை எல்லாம் வாங்குபவருக்குக் கழித்தல் கணக்கே. அவற்றுக்கு விற்பவர் செலவழித்த பணத்துக்காக நாம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாபோலப் புகைச் சோதனை கடுமையான மாநிலத்தில், மாநில ஒப்புதல் எண் இல்லாத உதிரிபாகம் மாட்டிய கார் பதிவைப் புதுப்பிக்கவே முடியாமல் வீட்டில் நிற்கும்.

1996க்குப் பின் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சோதனைச் செருகி இருக்கும். சிறிய ஸ்கேனர் ஒன்றை அதில் மாட்டினால் பிழைக் குறியீடுகள் தெரியும். குறியீடு இல்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. காரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பலவும் முடியவில்லை என்று வந்தால், பேட்டரியைக் கழற்றியோ ஸ்கேனராலேயோ யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். நாம் போகும்போது இன்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தாலும் சந்தேகப்படலாம். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் சங்கிலிச் சத்தமும் புகையும் காட்டிக்கொடுக்கும். நான்கு டயரும் ஒரே பிராண்டா, உள்ளோரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, கதவிடுக்கின் அகலம் இருபுறமும் ஒன்றா, பெயின்ட் நிழல் மாறுகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டிங்கரிங் செய்த இடம் மழையிலும் இரவிலும் தெரியாது. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுவதற்குச் செலவாகும் தொகை, இந்த வியாபாரத்தில் செலவழிக்கும் மிகப் பயனுள்ள பணம். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சைத் தொடரத் தேவையில்லை.

காகிதங்கள். டீலர் விற்கும் ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும் வாரண்டி உண்டா, இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறதா என்று சொல்லும் படிவம் ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்க மத்திய விதி. தனியாரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமைப் பத்திரத்தில் சால்வேஜ், ரீபில்ட் என்ற முத்திரை இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒருமுறை அந்தக் காரைக் கைகழுவிவிட்டது என்று பொருள். பெரும்புயலுக்குப் பின் வெள்ளத்தில் நின்ற கார்கள் வேறு மாநிலங்களுக்குப் போய்ச் சுத்தமான பத்திரத்தோடு வெளிவருவது உண்டு. சீட்டுக்கடியில் துருவும் சேற்று வாடையும்தான் காட்டிக்கொடுக்கும். 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணை அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புத் தளத்தில் போட்டால், நிறைவேற்றாத திரும்பப்பெறும் அறிவிப்புகள் இலவசமாகத் தெரியும். இது கூபேக்களுக்கு மிக அவசியம். தகாட்டா ஏர்பேக் விவகாரத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன. 2005–2014 மஸ்டாங்கும் ஆர்எக்ஸ்-8உம் பிஎம்டபிள்யூ 3 சீரிஸும் அந்தப் பட்டியலில் உண்டு. பழுதான ஏர்பேக் வெடிக்கும்போது உலோகத்துண்டுகள் ஓட்டுநர்மீது பாய்ந்து உயிர்போயிருக்கிறது. டீலர்கள் அதை இலவசமாக மாற்றித்தருகிறார்கள். மாற்றாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

இன்சூரன்ஸ் விலையைக் கார் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இரண்டு கதவு என்பதற்காக மட்டும் பிரீமியம் ஏறுவதில்லை. அந்த மாடலை ஓட்டியவர்கள் எத்தனை இழப்பீடு கேட்டார்கள் என்ற வரலாற்றை வைத்துத்தான் நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. அதனால்தான் 86க்கும் வி8 மஸ்டாங்குக்கும் ஒரே இளைஞனுக்கு வெவ்வேறு தொகை வரும். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த ஆணுக்கு, சில நகரங்களில், ஆண்டு பிரீமியம் காரின் தவணையோடு போட்டிபோடும். வழக்கமான பாலிசிகள் பந்தயத்தடத்தில் நடக்கும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டால் பதில் வருத்தமானது. 2016இல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங் ஜிடியின் டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். அதே காலத்தில் அமெரிக்காவில் வி8 மஸ்டாங் சுமார் 33,000 டாலரில் தொடங்கியது. அன்றைய மதிப்பில் 22 லட்சம். இறக்குமதி வரிதான் இடைவெளியின் பெரும்பகுதி. பயன்படுத்திய காரைக் கொண்டுவரவும் மூன்று வயதுக்கு மேற்படக் கூடாது, வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே அமெரிக்காவில் ஆசையாக வாங்கிய கூபேயை, ஊர் திரும்பும்போது அங்கேயே விற்றுவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் திரும்பும் எண்ணம் உள்ளவர் மறுவிற்பனை மதிப்பை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும். மேனுவல் கியரோடு கைவைக்காத 86 அல்லது மியாட்டா ஆர்எஃப் அந்தக் கணக்கில் முன்னால் நிற்கும்.

என்னைக் கேட்டால், தினமும் அதே காரில் வேலைக்குப் போக வேண்டியவர், பனி விழும் ஊரில் இருப்பவர், வீட்டில் வேறு கார் இல்லாதவர், 2017க்குப் பிந்திய சிவிக் எஸ்ஐயை எடுக்கட்டும். முப்பதாயிரம் டாலரைச் சிரமமில்லாமல் போட முடிந்து, குறைந்தது ஏழெட்டு ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் புதிய ஜிஆர் 86ஐ வாங்கலாம். தேய்மான இழப்பு அத்தனை ஆண்டுகளில் பரவிவிடும். அந்தத் தொகையில் பாதியும் கொஞ்சமும்தான் இருக்கிறது என்பவருக்கு 2017–2020 டொயோட்டா 86 அல்லது பிஆர்இசட், சர்வீஸ் பில்களோடு, ஓரிரு கைக்கு மேல் மாறாதது. விலையை முழுதாக அதிலேயே கொட்டிவிடாமல் பத்தில் ஒரு பங்கைத் தனியே வைக்க வேண்டும். நல்ல கோடைக்கால டயர் நான்கு, புதிய பிரேக் ஆயில், எல்லாத் திரவங்களும் மாற்றிய ஒரு முழு சர்வீஸ், அதோடு பக்கத்து ஊர்க் காலி மைதானத்தில் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் கூம்புகளுக்கிடையே வளைந்து ஓட்டும் போட்டிக்கான நுழைவுக் கட்டணம். இவ்வளவுக்கும் அந்தப் பணம் போதும்.